நண்பரின் கோப்புறையை நீக்கியும் இடம் கூடவில்லையே?

கேள்வி: கூகுள் டிரைவில் இடம் நிறைந்துவிட்டது, மாதக் கட்டணம் செலுத்துங்கள் என்று அறிவிப்பு வருகிறது. நண்பர் பகிர்ந்த பெரிய வீடியோ கோப்புறையை நீக்கினேன். ஒரு எம்பி கூடக் குறையவில்லை. உறவினர்கள் நால்வர் டிராப்பாக்ஸில் சேர்ந்து வைத்திருக்கும் படங்களையும் நீக்கலாமா? இல்லை, பணம் கட்டிவிடுவதா?

பதில்: பணம் கட்டுவதைச் சற்றே தள்ளிப் போடுங்கள். நீங்கள் நீக்கிய வீடியோக்கள் உங்கள் கணக்கில் இடம் பிடித்திருக்கவே இல்லை. டிரைவில் ஒரு கோப்பின் அளவு அதன் உரிமையாளர் கணக்கில் மட்டுமே சேரும். உங்கள் பட்டியலிலிருந்து அது மறைந்தது, அவ்வளவுதான். நண்பரிடம் அப்படியே இருக்கும். ஆனால் அவர் அதை நிரந்தரமாக நீக்கினால் உங்களுக்கும் கிடைக்காது. வேண்டிய வீடியோ ஏதேனும் இருந்தால் இப்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தை உண்மையில் அடைப்பது எது? இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை டிரைவ், ஜிமெயில், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிரைவை மட்டும் துடைத்துவிட்டு, பெரிய இணைப்புகளோடு கிடக்கும் பழைய மின்னஞ்சல்களை விட்டுவிடுபவர்களே அதிகம். டிரைவின் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தால் உங்கள் கோப்புகள் அளவு வாரியாக வரிசையாகத் தெரியும். மேலே இருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். நீக்கிய பின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அதில் கிடக்கும் 30 நாளும் அவை உங்கள் கணக்கில்தான் எண்ணப்படும். பலர் இந்தப் படியைத் தவறவிட்டு, எதுவும் குறையவில்லையே என்று சந்தா வாங்கிவிடுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எச்சரிக்கையை அப்படியே விட்டுவிடவும் கூடாது: வரம்பு தாண்டினால் மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் முடியாமல் போகும்.

டிராப்பாக்ஸ் இடத்தைக் கணக்கிடும் முறை வேறு. அங்கே பகிர்ந்த கோப்புறையின் அளவு உறுப்பினர் ஒவ்வொருவரின் கணக்கிலும் தனித்தனியே சேரும். இலவசக் கணக்குக்கு 2 ஜிபிதான் என்பதால் விரைவில் நிறைந்துவிடும். அதற்காக உள்ளே போய்ப் படங்களை ஒவ்வொன்றாக நீக்காதீர்கள். திருத்தும் அனுமதி உள்ள ஒருவர் உள்ளிருக்கும் கோப்பை நீக்கினால் நால்வருக்கும் அது போய்விடும். கணினியில் டிராப்பாக்ஸ் செயலி இருந்தால் அங்குள்ள கோப்புறையில் நீக்குவதும் இதே விளைவைத்தான் தரும். உங்களுக்கு வேண்டியது, அந்தக் கோப்புறையை விட்டு விலகுவது. பகிர்வு அமைப்புகளில் அதற்கான வசதி இருக்கிறது. உங்கள் இடம் மீளும், மற்றவர்களின் படங்கள் பத்திரமாக இருக்கும். விலகும் முன் விரும்பும் படங்களை ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சில படங்களை நீக்கிவிட்டீர்கள் என்றால், இலவசக் கணக்கில் 30 நாளுக்குள் 'நீக்கப்பட்ட கோப்புகள்' பகுதியிலிருந்து மீட்கலாம். இன்றே பாருங்கள், உறவினர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் உங்கள் சொந்தக் கோப்புகளே 15 ஜிபியைத் தாண்டுகின்றன என்றால் தயங்காமல் பணம் கட்டுங்கள்.