கடன் அவள் பெயரில், பணம் யார் கையில்?

கேள்வி: ஏழைக் கிராமங்களில் பெண்களுக்குக் கடன் கொடுத்தால் போதுமா, ஊர் முன்னேறிவிடுமா?

பதில்: போதாது. கடன் அவள் பெயரில், பணம் கணவன் கையில், தவணை மட்டும் அவள் தலையில். மகளிர் கடன் குழுக் கூட்டங்களில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்திருக்கிறேன். வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி, அடமானம் கேட்காமல் பெண்களை நம்பியது பெரிய காரியம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, கென்யாவில் 1977-இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம். கிராமத்துப் பெண்களே மர நாற்று வளர்த்து நட்டார்கள். பிழைத்த கன்றுகளுக்குச் சிறு தொகை அவர்கள் கைக்கே வந்தது. விறகுக்கும் தண்ணீருக்கும் நடப்பவள் அவள்தானே! எங்கே மரம் வேண்டும் என்பது அவளுக்கல்லவா தெரியும்? உங்கள் குழுவில் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.