செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது: அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. செல்ஃபி எடுத்தால் மட்டும் மூக்கு புடைத்துக்கொண்டும் முகம் ஒரு பக்கம் கோணலாகவும் தெரிகிறது. ஒரு படம் தேறுவதற்குள் முப்பது நாற்பது எடுத்து அழித்துவிடுகிறேன். சென்ற மாதம் நண்பரின் திருமணத்தில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது நைசாக நழுவிவிட்டேன். "உனக்கு செல்ஃபைட்டிஸ், அதாவது செல்ஃபிப் பைத்தியம், வந்துவிட்டது" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கண்ணாடி காட்டுவது உண்மையா, கேமரா காட்டுவது உண்மையா? மூக்குச் சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பேச அடுத்த வாரம் ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். போகலாமா?

பதில் அளிப்பவர்: முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்

போகலாம். ஆனால் செல்ஃபியை ஆதாரமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மூக்கைச் சீரமைப்பதுதான் என் தொழில், அதனால் இதைச் சொல்வது என் பிழைப்புக்கு எதிரானதுதான். என்னிடம் வருபவர்களில் பலர் உட்கார்ந்ததும் போனை நீட்டுகிறார்கள். அதை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள் என்றுதான் நான் பேச்சைத் தொடங்குகிறேன்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூக்கு நுனி கேமராவிலிருந்து 30 செ.மீ., காது 42 செ.மீ. அருகில் இருப்பது பெரிதாகப் பதியும் என்பதால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு நுனி 1.4 மடங்கு பெருத்துவிடுகிறது. அதே முகத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கணக்கு 150-க்கு 162. வித்தியாசம் வெறும் 8 சதவீதம். முகம் மாறவில்லை, மூக்கும் மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியது. பலர் இதற்கு வைட் ஆங்கிள் லென்ஸைக் குற்றம் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அந்த லென்ஸ் படத்தின் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து அகலமாக்கும். நடுவில் இருக்கும் உங்கள் மூக்கைப் பெருக்குவது கையின் நீளம்தான்.

இதை 2018-இல் போரிஸ் பாஸ்கோவர் என்ற முக அறுவை சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் கணித மாதிரி ஒன்றைக் கொண்டு அளந்து காட்டினார்கள். 30 செ.மீ. தூரத்துப் படத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும், ஒன்றரை மீட்டரில் அந்த மிகை அநேகமாக மறைந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. எங்கள் துறையில் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்களை அருகே போய் எடுக்காமல் தள்ளி நின்று எடுப்பதும் இதனால்தான்.

அப்படியானால் கண்ணாடி சொல்வது உண்மையா? தூரக் கணக்கில் கண்ணாடி நேர்மையானது. கண்ணாடிக்கு அரை மீட்டர் முன்னால் நின்றால் உங்கள் பிம்பம் அதற்குப் பின்னால் இன்னொரு அரை மீட்டரில் இருக்கிறது. ஆக, ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் முகத்தைத்தான் பார்க்கிறீர்கள். உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட அந்தத் தூரத்திலிருந்துதான் உங்களைப் பார்க்கிறார்கள். 30 செ.மீ. தூரத்திலிருந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் உரிமை உள்ளவர்கள் மிகச் சிலர், அவர்கள் மூக்கை அளக்க வருவதில்லை.

கோணல் விஷயத்தில் மட்டும் கண்ணாடி ஏமாற்றுகிறது. இரண்டு பாதியும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் முகம் யாருக்கும் இல்லை. உங்கள் மூக்கு கண்ணாடியில் இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்திருக்கலாம். பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியதால் அது உங்கள் கண்ணில் படுவதே இல்லை. இடவலம் மாறாமல் பதிந்த படத்தில் அதே இரண்டு மில்லிமீட்டர் வலப்பக்கம் போய்விடும். பழகிய இடத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் நகர்ந்ததுபோல் மனம் திடுக்கிடுகிறது. 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் நடத்திய உளவியல் ஆய்வில், தங்கள் படத்தை இடவலம் மாற்றிக் காட்டியபோது அதையே பலர் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களுக்கோ மாற்றாத படம்தான் பிடித்திருந்தது. அவரவர் பார்த்துப் பழகிய முகம் அவரவருக்கு அழகு. சில போன்கள் திரையில் கண்ணாடிபோல் காட்டிவிட்டு, சேமிக்கும்போது திருப்பிவிடுகின்றன. பொத்தானை அழுத்தும்வரை நன்றாக இருந்த முகம் அடுத்த நொடியே கெட்டுப்போவதாக நீங்கள் உணர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கேமரா அமைப்புகளில் இதை மாற்ற முடியும்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பகலில், ஜன்னலுக்கு எதிரே முகத்தில் நேராக வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, உங்கள் கண் மட்டத்தில், பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கட்டும். அழகூட்டும் வசதி, ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நேர்முகம் ஒன்று, இரு பக்கவாட்டுத் தோற்றங்கள். மூன்று படங்கள் போதும், நான்காவது வேண்டாம். அவற்றிலும் உங்களை உறுத்துவது இருந்தால், உதாரணமாக மூக்குத்தண்டில் மேடு, பழைய அடியால் வந்த வளைவு, ஒரு துளையில் மூச்சடைப்பு, அதைப் பேசத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். மூன்று படங்களிலும் மூக்கு சாதாரணமாகத் தெரிந்தால், உங்களைத் தொந்தரவு செய்தது கைக்கெட்டும் தூரத்துக் கேமரா.

செல்ஃபைட்டிஸ் பற்றி வீட்டில் சொன்னதற்காகக் கவலைப்படாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோயாக அறிவித்துவிட்டது என்று 2014-இல் உலவிய செய்தி, ஒரு கேலித் தளம் கட்டிவிட்ட கதை. பின்னர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள் என்பது வேறு விஷயம். அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் அது இன்றும் இல்லை.

எத்தனை செல்ஃபி எடுக்கிறீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. நாற்பது எடுத்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது அந்தத் திருமணப் படம். தோற்றத்தைப் பற்றிய எண்ணம் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறதா? கண்ணாடி, போன், கடை ஜன்னல் என்று கண்ட இடத்திலெல்லாம் மூக்கைச் சரிபார்க்கிறீர்களா? "நிஜமாகவே பெரிதாக இருக்கிறதா?" என்று மற்றவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர்கள் இல்லை என்றாலும் நம்ப முடியாமல் தவிக்கிறீர்களா? இவற்றுக்கு ஆம் என்றால், பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்ற மனநலக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய ஒரு குறை, உள்ளே பூதாகரமாக வளர்ந்துவிடும் நிலை அது. ஏறக்குறைய ஐம்பது பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவுசார் நடத்தை சிகிச்சைக்கும் சில மருந்துகளுக்கும் நன்றாகக் கட்டுப்படும், கத்திக்குத்தான் கட்டுப்படாது. மூக்கைத் திருத்தினால் மனம் தாடைக்குத் தாவும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள்.

இந்தப் போக்கு உங்களோடு நிற்பதில்லை. அமெரிக்க முக அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வரும் நோயாளிகளைப் பார்த்ததாகச் சொன்ன மருத்துவர்கள் 2015-இல் 42 சதவீதம், 2017-இல் 55 சதவீதம். முன்பு நடிகர் நடிகைகளின் படத்தைக் கொண்டுவருவார்கள். இப்போது ஃபில்டர் போட்ட தங்கள் சொந்தப் படத்தையே கொண்டுவருகிறார்கள், அதற்கு மறுப்புச் சொல்வது இன்னும் கடினம். படத்தைத் திருத்திப் பகிர்ந்தால் மனம் ஆறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தினர் மாணவிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், செல்ஃபி எடுத்துப் பதிவிட்டவர்களின் பதற்றம் கூடியது, தன்னம்பிக்கை குறைந்தது. படத்தைத் திருத்த அனுமதிக்கப்பட்டவர்களும் தப்பவில்லை. சில வாரங்களுக்குத் திருத்தும் செயலிகளை நீக்கிவிடுங்கள். கூட்டமாகப் படம் எடுக்கும்போது ஒதுங்காமல் நின்று பழகுங்கள், ஓரத்தில் மட்டும் நிற்காதீர்கள்.

அடுத்த வாரச் சந்திப்பை ரத்து செய்ய வேண்டியதில்லை. சோதனைக்கு எடுத்த மூன்று படங்களோடு போங்கள். மூக்கு அறுவை சிகிச்சையின் வீக்கம் முழுதாக வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டுகூட ஆகலாம், பிடிக்காவிட்டால் செய்யும் இரண்டாவது அறுவை சிகிச்சை முதலாவதைவிடச் சிக்கலானது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். உங்கள் மூக்கைத் தொட்டுப் பரிசோதிக்காமல், மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரிக்காமல், போனில் உள்ள செல்ஃபியைப் பார்த்தே தேதி குறிக்கும் மருத்துவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.