டி.என்.ஏ. கைமாற்றிய பட்டம்

கேள்வி: ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பத்தின் பரம்பரைப் பட்டத்தை, டி.என்.ஏ. சோதனையை வைத்து வேறு கிளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததை இப்படிப் பறிக்க முடியுமா? வெறும் பட்டத்துக்கு இவ்வளவு பெரிய வழக்கா என்று கேட்கிறார் என் கணவர்.
– வாசகி, தென்காசி

பதில்: முடியும் அம்மா. நீங்கள் படித்தது ஸ்டிச்சில் பிரிங்கிள் குடும்பத்தின் பாரோனெட் பட்டம். பெயருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கொள்ளலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடமெல்லாம் கிடையாது. 1683இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ராபர்ட் பிரிங்கிளுக்குக் கொடுத்தது. அவருக்கும் அவருக்குப் பிறந்த ஆண் வாரிசுகளின் வழிக்கும் என்று சாசனத்தில் எழுதிவிட்டார்கள். வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

எட்டாவது பாரோனெட் 1919இல் இறந்தார். இவன்தான் மூத்த மகன் என்று அவர் மனைவி உறுதிமொழி கொடுக்க, அந்தப் பையன் ஒன்பதாவது பாரோனெட் ஆனார். அவருக்குப் பின் அவர் மகன் சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள். இவர் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த ராயல் மரைன்ஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். 1981இல் காரில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்து ஒரு காலை இழந்தவர்.

பிரிங்கிள் குலத்துக்குத் தலைவர் யார் என்று தேடிய உறவினர் ஒருவர் எல்லோரிடமும் டி.என்.ஏ. கேட்டார். சர் ஸ்டூவர்ட்டும் நல்ல மனதோடு கொடுத்தார். அது மற்ற பிரிங்கிள்களோடு பொருந்தவில்லை! அவருடைய தந்தை, எட்டாவது பாரோனெட்டுக்குப் பிறந்தவரே அல்ல என்று ஆகிவிட்டது. கல்யாணமான தம்பதிக்குப் பிறந்த பிள்ளை கணவருடையதுதான் என்று சட்டம் கொள்ளும் அனுமானம், இந்த ஆதாரத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

2013இல் சர் ஸ்டூவர்ட் இறந்ததும் அவர் மகன் ஒரு பக்கம், எட்டாமவருடைய இரண்டாவது மகனின் வழியில் வந்தவர் மறுபக்கம். அப்போதைய ராணி எலிசபெத், அரசருக்குச் சட்டக் கருத்துச் சொல்லும் நீதிபதிகள் குழுவான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவிடம் கருத்துக் கேட்டார். குலத் தலைவரைத் தேடக் கொடுத்த மாதிரியை இதற்குப் பயன்படுத்தலாமா, இத்தனை காலம் கழித்து வழக்குக்கு இடமுண்டா என்றெல்லாம் மகன் தரப்பில் வாதாடினார்கள். எதுவும் எடுபடவில்லை. 2016 ஜூனில் ஏழு நீதிபதிகள் இரண்டாவது கிளைக்கே பட்டம் என்றார்கள்.

சாசனத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரி. ஆனால் பட்டத்தோடு வாழ்ந்து மறைந்த இரண்டு பேரை, போன பிறகு 'நீங்கள் அந்த வம்சமே இல்லை' என்பது எனக்கு உறுத்துகிறது. பழைய வாரிசுரிமைகளை டி.என்.ஏ. இப்படிக் கிளறலாமா, அதற்கு வரம்பு வேண்டுமா என்பதைச் சட்டம் இயற்றுபவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிபதிகளும் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துப் பட்டம் எல்லாமே ஆண்களுக்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மார் என்ற மிகப் பழைய பிரபுப் பட்டம் பெண்களுக்கும் போகும். 1975இல் தந்தைக்குப் பின் மகள் மார்கரெட் அதைப் பெற்றார். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு விதி.

உங்கள் கணவர் சொல்வதும் ஒரு விதத்தில் சரிதான், அந்த வழக்கில் சொத்துத் தகராறு கிடையாது. ஆனால் வழக்கில் வென்ற, எட்டாமவருடைய பேரன் கேட்டது தன் தந்தைதான் சட்டப்படி வாரிசு என்ற அங்கீகாரம். 'சர்' அதோடு சேர்ந்து வந்தது.