கிறிஸ்துமஸ் விடுமுறையில் பூங்காவில் பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை நடத்த ஆசை. லெட்டர்பாக்ஸிங் என்கிறார்களே, அது சரிவருமா?

தாராளமாகச் சரிவரும். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிசம்பர் விடுமுறையில் இதை நடத்தியிருக்கிறோம். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள் மிட்டாயும் இருக்காது, பொம்மையும் இருக்காது. ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரு சின்ன நோட்டும்தான். சொல்லாமல் கூட்டிப்போனால் முதல் பெட்டியிலேயே முகம் தொங்கிவிடும்.

ஆட்டம் இவ்வளவுதான். துப்பைப் படித்துப் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் ஸ்டாம்ப்பை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உங்களுடைய ஸ்டாம்ப்பைப் பெட்டி நோட்டில் குத்தி, தேதியும் பட்டப்பெயரும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரி ஒளித்துவைக்க வேண்டும். அடுத்து வருபவருக்கும் அதே பெட்டி, அதே பரபரப்பு. பத்துப் பேர் வந்தாலும் புதையல் குறைவதில்லை. பிள்ளைகள் கூட்டமாக வரும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பிறந்தநாள் விழா நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இது ஆரம்பித்தது இங்கிலாந்தின் டார்ட்மூரில். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் பூல் என்ற சதுப்பு நிலத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு தபால் அட்டை வைக்கும் பழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். அமெரிக்காவில் 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்த பிறகுதான் பரவியது. ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் இதற்கும் பின்னால், 2000இல் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு என்றால் என் ஓட்டு லெட்டர்பாக்ஸிங்குக்குத்தான். அதில் கண் திரையில் இருக்கும், இதில் மரத்திலும் பாலத்திலும் இருக்கும்.

சரி, பண்டிகைக்கு வருவோம். இந்த ஊரில் பனி பெய்யாது. அதனால் பனிமனிதனையே கருவாக எடுத்துக்கொண்டோம். ஐந்து பெட்டி, ஒவ்வொன்றிலும் பனிமனிதனின் ஒரு பாகம். முதல் பெட்டியில் அடி உருண்டை, இரண்டாவதில் நடு உருண்டை, அப்புறம் தலை, கேரட் மூக்கு, கடைசியில் தொப்பி. எல்லாவற்றையும் நோட்டின் ஒரே பக்கத்தில் குத்த வேண்டும். நோட்டில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. கோடு போட்டுக் கொடுத்தும் ஒரு வாண்டு, “அங்கிள், மூக்கு நெத்தியில வந்துடுச்சு!” என்று கத்தியது. அதற்குப் பொட்டு வைத்த பனிமனிதன் என்று பெயர் வைத்துவிட்டோம். உடனே இன்னும் இரண்டு பேருக்கு நெற்றியில் மூக்கு வேண்டியிருந்தது.

வேலையில் முக்கால்வாசி துப்பு எழுதுவதில்தான். நாங்கள் விடுகதையாகவே எழுதினோம். பூங்காவின் கிழக்கு வாசல் பக்கம் மெக்லாரன் லாட்ஜ் என்ற பழைய கல் கட்டடம். அதன் முன்னால் ஒரு பெரிய மாண்டெரி சைப்ரஸ் மரம் நிற்கிறது. 90 ஆண்டுகளுக்கு மேலாக டிசம்பரில் ஊரே கூடி விளக்கேற்றுவது அதற்குத்தான். அதனால் முதல் துப்பு: “பதினொரு மாதம் பச்சைச் சேலை, பன்னிரண்டாம் மாதம் விளக்குச் சேலை. தோட்டக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறேன்.” இரண்டாவது: “உடம்பெல்லாம் கண்ணாடி, எலும்பெல்லாம் வெள்ளை. வெளியே குளிரும், உள்ளே வியர்க்கும்.” இது 1879இல் திறந்த கன்சர்வேட்டரி ஆஃப் ஃபிளவர்ஸ், வெப்பமண்டலச் செடிகள் வளரும் கண்ணாடி மாளிகை. சென்னையில் பிறந்தவர்களுக்கு அதற்குள் நுழைந்ததும் சொந்த ஊர் ஞாபகம் வரும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. மணல்மேடாகக் கிடந்த இடத்தைப் பசுமையாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்லாரன், முதல் துப்பில் வந்த தோட்டக்காரர் இவர்தான். ஸ்காட்லாந்துக்காரர், 1890 முதல் 1943இல் இறக்கும்வரை பூங்காவின் கண்காணிப்பாளர். பூங்காவில் சிலை வைப்பது அவருக்கு அறவே பிடிக்காது. யாராவது வைத்துவிட்டால் சுற்றிலும் செடி நட்டு மறைத்துவிடுவாராம். அவருக்கே சிலை வைத்தால் எப்படி இருக்கும்? ரோடோடென்ட்ரான் செடிகளுக்கு நடுவே, பீடம் இல்லாமல் தரையிலேயே நின்றுகொண்டு, கையில் இருக்கும் பைன் காயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பு இப்படி: “சிலையே பிடிக்காத தாத்தா சிலையாக நிற்கிறார். கையில் இருப்பது பழமுமில்லை, பந்துமில்லை. அவர் பார்ப்பதை நீயும் பார்.” பிள்ளைகள் அவர் கைக்குக் கீழே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்கள். பெட்டி பக்கத்து மரத்தடியில், உதிர்ந்த இலைக்கு அடியில் இருந்தது.

நான்காவது, 1911இல் கட்டிய பயோனியர் லாக் கேபின். “நிற்க வேண்டிய மரமெல்லாம் படுத்துச் சுவரானது” என்றதும் கண்டுபிடித்துவிட்டார்கள், கொஞ்சம் சுலபம்தான். ஐந்தாவதுக்கு ஏரிக்கு நடுவே இருக்கும் ஸ்ட்ராபெரி ஹில். ஏரியின் பெயர் 2024இல் புளூ ஹெரான் லேக் என்று மாறிவிட்டது, ஆனாலும் இன்னும் பலர் வாயில் ஸ்டோ லேக்தான். தீவுக்குப் போக இரண்டு பாலம். “இரண்டில் முரட்டுப் பாலம் எதுவோ, அதன் வழியே வா” என்று மட்டும் எழுதியிருந்தோம். ஒரு குழு கண்ணில் பட்ட முதல் பாலத்தில் ஓடியது. இன்னொரு குழு இரண்டையும் பார்த்துவிட்டு, செதுக்காத பாறைகளால் கட்டிய ரஸ்டிக் பாலத்தில் போய்த் தொப்பியை முதலில் குத்தியது.

துப்பு எழுதும்போது நகராத பொருளை மட்டும் அடையாளமாகச் சொல்லுங்கள். குப்பைத்தொட்டி, பெஞ்சு, பூத்திருக்கும் செடி எதையும் நம்பாதீர்கள். “இருபது காலடி நட” என்பதும் வேண்டாம், ஆறு வயதுக் காலுக்கும் பன்னிரண்டு வயதுக் காலுக்கும் இருபது காலடி ஒன்றல்ல. அதற்குப் பதில் “மூன்றாவது மரம்”, “ஐந்தாவது படி” என்று எண்ணவிடுங்கள்.

ஸ்டாம்ப்பைக் கடையில் வாங்கலாம், ஆனால் செய்வதில்தான் சுகம். பெரிய வெள்ளை அழிரப்பர் போதும். படத்தைப் பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளைக் கவிழ்த்து ரப்பர்மேல் தேய்த்தால் படம் இடவலம் மாறி அதில் ஒட்டும். பிறகு மை பட வேண்டாத இடத்தை லினோ கட்டர் என்கிற சின்னச் செதுக்குக் கத்தியால் மெல்லமாகச் சுரண்டி எடுங்கள். எழுத்து வெட்டினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்க வேண்டும். “ஐ” மாதிரி சுழித்த எழுத்தை முதல் நாளே முயலாதீர்கள். மூக்குக்கு ஒரு முக்கோணம் போதும்.

இந்த ஊர் டிசம்பரில் மழை வரும். நோட்டைத் தனியாக ஒரு ஜிப் பையில் போட்டு, அதை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். டப்பா உள்ளே தெரிகிற மாதிரி இருக்கட்டும், மேலே “குழந்தைகள் விளையாட்டு” என்று ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். பூங்காவில் யாரோ ஒளித்துவைத்த மூடிய பெட்டி என்றால் பார்ப்பவர்கள் பயப்படுவது நியாயம். மண்ணைத் தோண்டக் கூடாது, செடியை மிதிக்கக் கூடாது. நாங்கள் காலையில் வைத்து அன்றைக்கே எடுத்துவிட்டோம். நிரந்தரமாக வைக்க நினைத்தால் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு வையுங்கள். ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும், அதனால் காலை பத்து மணிக்கே கிளம்புவது நல்லது. ஜான் எஃப். கென்னடி சாலையின் கிழக்குப் பகுதியில் கார் விடுவதில்லை, அங்கே பிள்ளைகளை ஓடவிடலாம். ஏரிப் பக்கம் வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். எங்கள் குழுவில் அதை அதிகம் மீறியது ஒரு தாத்தா. விடை தெரிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.