வாசகர் கேள்விகள்: கோஸ்டா ரிக்காவில் இருவருக்குப் பத்து நாள்

மே மாதம் நானும் என் மனைவியும் பத்து நாள் கோஸ்டா ரிக்கா போகிறோம். டோர்ட்டுகெரோ, லா ஃபோர்ட்டுனா, மொன்டெவெர்டே, மனுவேல் அன்டோனியோ, கோர்கோவாடோ என்று ஐந்து இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார் ஏஜென்ட். சின்ன நாடுதானே, சுற்றிவிடலாமா?
– வாசகர், பெரம்பூர்

சுற்றலாம். ஆனால் பாதி நாளை வேனுக்குள்ளேயே கழிப்பீர்கள். பரப்பளவு 51,100 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டில் பாதிகூடக் கிடையாது. தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். நாட்டின் நடுவில் நீளவாக்கில் மலைத்தொடர் ஓடுகிறது. சாலைகள் பெரும்பாலும் இருவழி. முன்னால் ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தால் வளைவு முடியும்வரை அதன் பின்னாலேயே போக வேண்டும். தலைநகர் சான் ஹோசேயிலிருந்து லா ஃபோர்ட்டுனா சுமார் 130 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து மனுவேல் அன்டோனியோவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். டோர்ட்டுகெரோவுக்குச் சாலையே கிடையாது. படகு அல்லது சிறு விமானம்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வழிக்கே முப்பது மணி நேரம் தாண்டும். நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். ஆகப் பத்து நாளில் உங்கள் கையில் நிற்பது ஏழு இரவுகள். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அலஹுவேலா (விமான நிலையம் இருப்பதே அங்கேதான், சான் ஹோசேயில் இல்லை), பிறகு லா ஃபோர்ட்டுனா மூன்று, மனுவேல் அன்டோனியோ மூன்று. கடைசி நாள் விமானம் காலையில் என்றால் மனுவேல் அன்டோனியோவில் ஓர் இரவைக் குறைத்து அலஹுவேலாவுக்குக் கொடுங்கள். மொன்டெவெர்டேயை விட மனம் வராவிட்டால் பயணத்தைப் பன்னிரண்டு நாளாக்குங்கள்; பத்துக்குள் திணிக்காதீர்கள்.

லா ஃபோர்ட்டுனாவுக்கு மூன்று இரவு ஏன்? அரெனால் எரிமலைதான் காரணம். 1968 ஜூலையில் வெடித்து, 2010 வரை புகைந்துகொண்டே இருந்த மலை அது. இப்போது அடங்கியிருக்கிறது, ஏறுவதற்கு அனுமதி கிடையாது. ஏறாவிட்டாலும் கீழிருந்து பார்க்கலாமே என்றால் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும். விடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் திறந்து காட்டினால் உண்டு. ஒரே இரவு தங்கியவர்களில் பலர் மலையைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள்.

மே மாத மழையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்காரருக்கு இது சுலபமாகப் புரியும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தில் மழையைக் கொட்டவிட்டு நம் பக்கத்தைக் காயப் போடுகிறதல்லவா, அதே கதைதான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று கரீபியன் சரிவில் நீரை இறக்கிவிட்டு வறண்டு போய்ப் பசிபிக் பக்கம் வருகிறது, அங்கே கோடை. மே முதல் நவம்பர் வரை பசிபிக் பக்கத்துக்கு மழைக்காலம். செப்டம்பர், அக்டோபரில் பசிபிக் கரை நனையும்போது கரீபியன் கரையில் வெயில் அடிக்கும். மே மாதம் மழையின் தொடக்கம் என்பதால் பெரும்பாலும் காலை வெளிச்சமாக இருந்து மதியத்துக்கு மேல் கொட்டும். நடை, பாலம், அருவி எல்லாவற்றையும் பகல் 12 மணிக்குள் முடியுங்கள். மழை நேரத்தில் வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்திருப்பது சுகம்.

அமெரிக்க விசா இருக்கிறது. தனி விசா வேண்டுமா? தடுப்பூசி ஏதாவது?
– வாசகி, அண்ணா நகர்

பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தனி விசா இல்லாமல் கோஸ்டா ரிக்காவுக்குள் போகலாம். இல்லாதவர்கள் புதுடெல்லியிலுள்ள தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறுவதுண்டு, டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். நாட்டைவிட்டு வெளியேறும் டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். சென்னை செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

பலரும் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில். இந்தியாவிலிருந்து நேரே கோஸ்டா ரிக்கா போய்த் திரும்புகிறவருக்கு இந்த ஊசி கட்டாயமில்லை. ஆனால் மலிவு டிக்கெட் பல பனாமா வழியாகவோ கொலம்பியா வழியாகவோ போகும். இரண்டுமே இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ளவை. அங்கிருந்து ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் விமானம் மாறியவருக்கு விலக்கு இருக்கிறது. அதற்கும் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வழியில் போவதென்றால் ஊசியைப் போட்டுக்கொள்வதே நிம்மதி.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் ராஜாஜி சாலையிலுள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். பிறகு ஆயுளுக்கும் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். அங்கே டெங்கு கொசு உண்டு என்பதால் கொசு விரட்டும் களிம்பையும் மறக்காதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பத்து நாளும் ரொட்டியும் பழமும்தானா?
– வாசகி, மயிலாப்பூர்

கவலையே வேண்டாம். சோறு மூன்று வேளையும் கிடைக்கும் ஊர் அது. காலையில் காயோ பின்டோ: முந்தின நாள் சோற்றைக் கறுப்பு பீன்ஸோடு வெங்காயம், குடைமிளகாய், கொத்தமல்லித்தழை போட்டுப் பிரட்டுவார்கள். மதியம் கசாடோ. இந்தச் சொல்லுக்கே ‘கல்யாணமானவர்’ என்று அர்த்தம்! சோறு, பீன்ஸ், கோஸ் சாலட், வறுத்த நேந்திரம் மாதிரிப் பழம், ஒரு பொரியல், கூடவே இறைச்சி. இறைச்சிக்குப் பதில் முட்டையோ சீஸோ வெண்ணெய்ப்பழமோ கேட்கலாம். ‘சோடா’ என்று பலகை மாட்டியிருந்தால் குளிர்பானக் கடை என்று தாண்டிவிடாதீர்கள், நம் மெஸ் மாதிரியான சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு அங்கே அதுதான் பெயர்.

தவறு நடப்பது இங்கேதான். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் பேச்சுவழக்கில் கார்னே என்பது மாட்டிறைச்சியை மட்டும் குறிப்பதால் கோழியோ ஹாமோ தட்டில் வந்துவிடும். ஆகவே நீட்டிச் சொல்லுங்கள்: ‘சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காடோ’ (இறைச்சி, கோழி, பன்றித்தொடை, மீன் எதுவும் வேண்டாம்). அடுத்தது பீன்ஸ். சில கடைகளில் பன்றிக்கொழுப்பில் தாளிப்பார்கள். ‘மன்டேகா தே செர்தோ?’ என்று பாத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள். ‘நோ’ என்றால் சாப்பிடலாம். உருளைக்கிழங்குப் பொரியலான பிகாடியோவில் கொத்துக்கறி கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிகாடியோ என்றால் காயைப் பொடியாக நறுக்கி வதக்கிய பொரியல். அதில் சயோடே என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், நம் சௌசௌதான் அது. பெங்களூர் கத்திரிக்காய் என்று நாம் பெயர் வைத்தாலும் அதன் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். சின்னச் சதுரமாக நறுக்கி, சோளமணி சேர்த்து, காய் குழையாமல் இறக்குவார்கள். காரம் மட்டும் இருக்காது. மேஜைமேல் பாட்டிலில் ஊறும் மிளகாய் ஊறுகாய் ‘சிலேரோ’வைப் போட்டுக்கொண்டால் வீட்டுச் சாப்பாடு பக்கத்தில் வந்துவிடும். கம்பெனி சீல் உடையாத பருப்புப்பொடி பாக்கெட்டைக் கொண்டுபோகலாம். சுங்கப் படிவத்தில் உணவுப்பொருள் என்று குறித்துவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

காபி பிரியர்களுக்கு ஒரு செய்தி. 1989 முதல் 2018 வரை ரோபஸ்டா பயிரிடுவதையே தடை செய்திருந்த நாடு அது. அதனால் கிடைப்பது பெரும்பாலும் அராபிகா. ‘சொர்ரேயடோர்’ என்ற மரச் சட்டத்தில் துணிப்பை தொங்கும். பையில் காபித்தூளைப் போட்டு வெந்நீரை மெல்ல ஊற்றினால் கீழே வைத்த கோப்பையில் சொட்டும். சிக்கரி இல்லை, நம் டிகாஷன் கெட்டியும் இருக்காது. பால் வேண்டுமானால் ‘கோன் லேச்சே’ என்று கேளுங்கள்.

மினி ரைஸ் குக்கரும் கெட்டிலும் எடுத்துப் போகலாமா?
– வாசகர், தாம்பரம்

எடுக்காதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டிலைச் செருகினால் எரியாது, சூடும் ஏறாது. மின்னழுத்தம் ஏறக்குறைய பாதியானால் சூடு கால்பங்காகிவிடும். 1000 வாட் கெட்டில் சுமார் 270 வாட்தான் தரும். போன் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் சரி, தட்டை முள் அடாப்டர் மட்டும் போதும். சமைக்க ஆசைப்பட்டால் சமையலறையோடு கூடிய அறையாகப் பாருங்கள். குழாய்த் தண்ணீரைப் பெரும்பாலான ஊர்களில் குடிக்கலாம்.

கார் வாடகைக்கு எடுத்தால் மலிவா?
– வாசகர், வேளச்சேரி

இருவர் மட்டும் என்றால் பல நேரம் இல்லை. இணையத்தில் நாள் ஒன்றுக்குப் பத்து டாலர் என்று காட்டுவதை நம்பிப் போய்க் கவுன்டரில் திகைத்து நிற்பவர்கள் ஏராளம். மூன்றாம் நபர் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம். அது விளம்பர விலையில் சேர்ந்திருக்காது, சில சமயம் கார் வாடகையைவிடக் கூடுதலாக வரும். முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டில் பெருந்தொகையைப் பிடித்துவைப்பார்கள்; டெபிட் கார்டைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ‘எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு’ என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

வண்டி ஓட்டுவது வலப்பக்கம். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினாலும் ஒரிஜினல் லைசென்ஸையும் கையில் வைத்திருங்கள். ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். மலைச்சாலையில் அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் எந்தக் காப்பீடும் கைகொடுக்காது. விமான நிலையத்தைவிட்டுக் கிளம்பியதும் டயர் பஞ்சராகி, யாராவது ஓடிவந்து உதவி செய்ய முன்வந்தால் இறங்காமல் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் டயரைப் பார்க்கும்போது பின்சீட்டுப் பை காணாமல் போகும் பழைய தந்திரம் அது.

முகவரியும் நம்மூர் மாதிரிதான். ‘சர்ச்சிலிருந்து 200 மீட்டர் வடக்கு’ என்பார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனை, டேப் வைத்து அளந்ததில்லை. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் விடுதி வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கும் பகிர்வு வேன் இருக்கிறது.

மனுவேல் அன்டோனியோ பூங்காவுக்கு டிக்கெட் எப்படி?
– வாசகி, குரோம்பேட்டை

வாசலில் விற்பதில்லை. அரசின் சினாக் இணையதளத்தில் மட்டும், நேரம் குறித்து, பாஸ்போர்ட் எண்ணோடு எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டக் காலத்தில் காலை 7 மணி டிக்கெட்டுகள் முதலில் தீரும், அவைதான் வாங்க வேண்டியவையும். பூங்காவுக்கு முன்பே சாலையில் சீருடை மாதிரி உடுத்திக் கையசைத்து வண்டியை ஓரங்கட்டச் சொல்பவர்கள் பூங்கா ஊழியர்கள் அல்லர், பார்க்கிங் தரகர்கள். நிற்காமல் போங்கள். பையைச் சோதித்துத் தின்பண்டத்தை எடுத்துவிடுவார்கள். வெள்ளைமுகக் குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை என்பதால் அது நியாயம்தான்.

தொலைநோக்கி வைத்திருக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டிக்குச் செலவழிப்பது வீணாகாது. ஸ்லாத் என்னும் அந்தச் சோம்பல் பிராணி உங்கள் தலைக்கு மேலேயே இருந்தாலும் வெறுங்கண்ணுக்கு நனைந்த தேங்காய் நார் உருண்டையாகத்தான் தெரியும். ரோமத்தில் பாசி வளர்ந்து பச்சையோடு பச்சையாகிவிடுகிறது. கழிவுக்காக ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் தரைக்கு இறங்கும். தொலைநோக்கியில் அதே உருண்டைக்கு நகமும் மூக்கும் முளைப்பதைப் பார்க்க வேண்டும்!

பெசன்ட் நகரில் ஆமை நடை போயிருக்கிறோம். அங்கேயும் பார்க்கலாமா?
– வாசகர், திருவான்மியூர்

நீங்கள் பார்த்த அதே பங்குனி ஆமைதான் பசிபிக் கரையில் ஒஸ்தியோனாலிலும் முட்டையிடுகிறது. இங்கே ஒன்றிரண்டாகக் கரையேறுபவை அங்கே ஒடிசாவின் கஹீர்மாதாவைப் போல ஆயிரக்கணக்கில் சேர்ந்து வரும். அதற்கு ‘அர்ரிபாதா’, அதாவது வருகை, என்று பெயர். மழைக்காலத்தில்தான் பெருங்கூட்டம்; பெரும்பாலும் தேய்பிறைக் கடைசியை ஒட்டி வரும் என்றாலும் தேதி சொல்லி டிக்கெட் போட முடியாது. முதல் ஒன்றரை நாளில் ஊர்மக்கள் முட்டை எடுக்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். முதலில் வந்தவை இட்ட முட்டைகளைப் பின்னால் வருபவை எப்படியும் தோண்டிச் சிதைத்துவிடும் என்பதுதான் காரணம்.

உறுதியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை டோர்ட்டுகெரோ. அங்கே வருபவை பச்சை ஆமைகள். வழிகாட்டியோடு இரவில் மட்டும் அனுமதி, கருநிற உடை, கேமராவும் போனும் அறையிலேயே இருக்க வேண்டும்.

கயிற்றில் தொங்கிப் போகும் ஜிப்லைன் எனக்கு ஒத்துவருமா? வயது 56.
– வாசகி, மேற்கு மாம்பலம்

வயது தடையில்லை. முதுகெலும்பு, தோள்பட்டை, இதயக் கோளாறு இருந்தால் வேண்டாம். எடை வரம்பு ஒவ்வோர் இடத்திலும் வேறு, முன்பதிவின்போதே கேளுங்கள். பிரேக்கை நீங்கள் கையால் அழுத்த வேண்டுமா, எதிர்முனையில் அவர்களே நிறுத்துவார்களா என்பதையும் கேளுங்கள். முதல்முறைக்கு இரண்டாவதுதான் நல்லது. துப்பட்டா கூடாது, பின்னலைச் சட்டைக்குள் விடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் கழுத்து மூடிய பனியனுக்குள் போட்டு, மார்புப் பட்டை அதன்மேல் உரசாதபடி ஊழியரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ.

வேண்டாம் என்று தோன்றினால் கணவர் மட்டும் கயிற்றில் போகட்டும். நீங்கள் தொங்குபாலங்களில் நடந்து போங்கள். மரத்தின் தலைமட்டத்தில், அதே காட்டை, நின்று நிதானமாகப் பார்க்கலாம். மழை பெய்தால் பாலத்தின் இரும்பு வலை வழுக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டே நடங்கள்.