என்ட்ரி வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டால் ஜூனியர்கள் எங்கே கற்பார்கள்?

நெல்லை வண்ணார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41, படிப்பு பி.காம். அவருக்குக் கீழே ஐந்து ஜூனியர்கள். தை மாதம் ஆடிட்டரின் மகன் சென்னையிலிருந்து வந்து புது மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பில்லைப் படம் எடுத்து ஏற்றினால் போதும். பெயர், ஜிஎஸ்டி எண், தொகை, வரி எல்லாவற்றையும் அதுவே படித்து என்ட்ரி போட்டுவிடுகிறது. ஓர் அரிசி மில்லின் மாத பர்ச்சேஸ், மூன்று நாள் வேலை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். "இனி அஞ்சு பேர் எதுக்கும்மா? யாரை வைக்கணும்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று ஆடிட்டர் சார் சொல்லிவிட்டார்.

சகோதரி கேட்பது மூன்று. என் வேலை நிற்குமா? 45 ஆயிரம் ரூபாய் கட்டி ஆன்லைனில் கோடிங் படிக்கட்டுமா? ஜூனியர்களிடம் என்ன சொல்வது? கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் வரும் பெண் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, அவளுக்கு இனி எந்த வேலையைக் கொடுப்பது என்றே தெரியவில்லை என்று. மூன்று கேள்விகளையும் விட அந்த வரிதான் பெரிய கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். என்ட்ரி போடும் வேலை போகும். ஐந்து பேர் செய்ததை மூன்று பேர் செய்யும் நிலை உங்கள் ஆபீஸிலும் வரலாம். ஆனால் உங்கள் வேலை என்ட்ரி போடுவது மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் சேர்ந்தபோது வாட் என்ற பழைய விற்பனை வரி இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்), படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை வந்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் (விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் எழுதும் வேலை குறைந்தது, ஒத்துப்பார்க்கும் வேலை கூடியது. 14-ஆம் தேதி 2பி வந்ததும் எந்தக் கடைக்காரர் பில்லை ஏற்றவில்லை என்று பார்த்து, அவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, 20-க்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது யார்? நீங்கள்தானே.

இந்த மென்பொருள் எங்கே தவறும் என்பதை உங்கள் பார்ட்டிகளை, அதாவது நீங்கள் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளர்களை, வைத்தே சொல்கிறேன். அரிசி மில்லையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை கட்டி லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் வரி. அதனால்தான் நம் ஊர் மில்களில் 26 கிலோ மூட்டை வந்தது. பில்லில் வெறுமே 'பொன்னி, 40 மூட்டை' என்று எழுதியிருந்தால் மென்பொருளுக்கு எப்படித் தெரியும், மூட்டை எத்தனை கிலோ என்று? போன தடவை எந்த வரியைப் போட்டதோ அதையே போட்டுவிட்டுப் போகும். லாரி வாடகையும் அப்படித்தான். அரிசி ஏற்றி வந்த லாரி வாடகைக்கு வரி விலக்கு உண்டு. அதே டிரான்ஸ்போர்ட்டில் மில்லுக்கு மோட்டார் வந்தால், அவர்கள் பில்லில் வரி போடாத பட்சத்தில் மில்லே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். இரண்டு ரசீதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட். ஒரு பார்ட்டி முதலாளியின் சொந்த நம்பருக்கு யுபிஐ-யில் 50,000 வந்திருக்கிறது. அது விற்பனைப் பணமா, மச்சானிடம் வாங்கிய கைமாற்றா, மகள் கல்யாணத்து மொய்யா? மூன்றுக்கும் கணக்கு வேறு வேறு. தெரியாததை மென்பொருள் சஸ்பென்ஸ் என்ற தனிக் கணக்கில் தள்ளினால்கூடப் பரவாயில்லை, கண்ணில் படும். துணிந்து விற்பனையில் சேர்த்துவிட்டால்தான் ஆபத்து. அந்த மாதம் அந்த வீட்டில் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். பத்திரிகை உங்கள் மேஜைக்கும் வந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரித்துறையும் இயந்திரத்தை வைத்துத்தான் பார்க்கிறது. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-க்கும் 3பி-க்கும் வித்தியாசம் அதிகமாக வந்தால் டிஆர்சி-01பி என்ற நோட்டீஸ் வரும், 2பி-யில் உள்ளதைவிடக் கூடுதலாக உள்ளீட்டு வரி எடுத்தால் டிஆர்சி-01சி. ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய முடியாமல் நின்றுவிடும். காரணம் எழுதுவதற்கு, அந்தக் கடையில் அந்த மாதம் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் வேண்டும். என்ட்ரிக்கு ஆள் குறையும்போது இதற்கு ஆள் தேவை கூடுகிறது. உங்கள் ஆபீஸில் இந்தப் பதில்களை இப்போது யார் எழுதுகிறார்கள்? ஆடிட்டர் சார் என்றால், முதல் வரைவை நீங்கள் எழுதித் தருவதாகக் கேட்டு வாங்குங்கள்.

கோடிங் கோர்ஸுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். கோடிங் மட்டமான படிப்பு என்று சொல்ல வரவில்லை. உங்கள் 41 வயதும் பதினாறு வருடமும் வேறு இடத்தில் அதிகம் பெறும். எக்செல்லில் இரண்டு பட்டியலை ஒத்துப்பார்ப்பது, பிவோட் டேபிள், பவர் குவரி ஆகியவற்றை யூடியூபிலேயே தமிழில் கற்கலாம். பி.காம். முடித்தவர்கள் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக (பிறருக்காக ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்பவராக) பதிந்து, மத்திய அரசின் வரிப் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வை எழுதலாம். 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. நீங்கள் தினமும் செய்கிற வேலையிலிருந்துதான் கேள்வி வரும். பதினாறு வருடமாக வேறொருவர் கையெழுத்துக்கு வேலை செய்தவருக்குச் சொந்தமாக ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த 45 ஆயிரத்தை அப்படியே வைத்திருங்கள்.

இனி ஜூனியர்கள். இதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1996-இல் டவுனில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அங்கே அறுபது தாண்டிய கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். நாள்வழிச் சிட்டை, பேரேடு எல்லாம் அவர் கை. இரண்டு வருடத்தில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார், நான் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். சித்திரையோடு பெரியவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம் மட்டும் கையில் கொடுத்தார்கள். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

பாக்கி வசூலிக்கும் நேரம் வந்தது. பிரின்டரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அடித்து அனுப்பினேன். யாரிடம் கார் பருவ நெல் அறுப்பு முடிந்து கேட்க வேண்டும், யாரிடம் பிசானப் பருவ நெல் அறுக்கும் வரை வாயே திறக்கக் கூடாது, யாருக்கு நேரில் சொல்லாமல் தம்பியிடம் சொன்னால் மறுநாள் பணம் வரும் என்பதெல்லாம் பேரேட்டில் இல்லை. முக்கூடல் பக்கத்து வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் மனம் வருந்தி வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். பெரியவரைத் தேடிப் பேட்டைக்குப் போனேன். காபி கொடுத்து, ஒரு சுடுசொல் இல்லாமல், ஒவ்வொரு பேராகச் சொன்னார். நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. அவரை அனுப்பிய அன்று நான் முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

பெரியவரிடம் இருந்தது சிட்டை எழுதி எழுதி வந்த அறிவு. உங்களிடம் இருப்பது என்ட்ரி போட்டுப் போட்டு வந்தது. ஆயிரம் பில்லைக் கையால் தட்டிய பிறகுதானே, ஆயிரத்து ஒன்றாவது பில்லில் ஏதோ சரியில்லை என்று உங்கள் கண்ணுக்குப் பட்டது? என்ட்ரி ஒரே நேரத்தில் வேலையாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. மென்பொருள் வந்து வேலையை எடுக்கும்போது பள்ளிக்கூடத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. நாளைக்கு அது போட்ட கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் உருவாகிற இடம் இருக்காது. உங்கள் ஆபீஸுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. வக்கீல் ஆபீஸிலும் சாஃப்ட்வேர் கம்பெனியிலும் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதே பாடுதான்.

ஆகவே அந்தப் பள்ளிக்கூடத்தை நீங்களே வேறு மாதிரி கட்ட வேண்டும். தலைமைப் பொறுப்பு என்று உங்களிடம் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தினமும் காலையில் அரை மணி நேரம், மென்பொருள் முந்தின நாள் போட்டதில் தவறைத் தேடச் சொல்லுங்கள். அகப்பட்ட தவறையும் காரணத்தையும் ஒரு பொது நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதட்டும். பார்ட்டிக்கு நீங்கள் போன் பேசும்போது ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அடுத்த மாதம் அவரே பேசட்டும். ஒவ்வொரு ஜூனியரும் ஒரு சின்னப் பார்ட்டியின் கணக்கையாவது மென்பொருள் இல்லாமல் முழுதாகப் போடட்டும். நேரம் வீணாகிறது என்று சின்ன முதலாளி சொல்லலாம். அந்தத் தவறு நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

ஆடிட்டர் சாரிடம் 20-ஆம் தேதி வேலை முடிந்த மறுநாள் பேசுங்கள், அதற்கு முன்னால் பேசினால் காதில் ஏறாது. 'யாரை வைப்பது' என்ற கேள்விக்கு உடனே பெயர் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் நோட்டீஸ் பதில், பாக்கிப் பட்டியல், மாதாந்திர லாபக் கணக்கு என்று எந்தெந்தப் பார்ட்டிக்குப் புதிதாக என்ன செய்து கூலி கேட்கலாம் என்று எழுதிக்கொண்டு போங்கள். அப்படியும் ஆள் குறைக்கத்தான் வேண்டும் என்றால், ஜூனியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மார்ச் முடிந்து திடீரென்று சொல்வது பாவம். இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஒரு கணக்காளரை வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு, உங்கள் பார்ட்டிகளிடமே கேட்டுப் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை: பார்ட்டியின் பேங்க் ஸ்டேட்மென்டையும் பான் எண்ணையும் இலவச ஏஐ செயலிகளில் ஏற்ற வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அது நம்மை நம்பிக் கொடுத்த காகிதம்.

சரி, சேரன்மகாதேவிப் பெண். அவளிடம் அந்த அரிசி மில்லைக் கொடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்த அதே மில். கணக்கைக் காட்டுவதற்கு முன்னால் ஒருநாள் காலை அவளை மில்லுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மூட்டை தைக்கிற இடத்தையும், எடை போடுகிற இடத்தையும், லாரி ரசீது குத்தி வைத்திருக்கும் கம்பியையும் பார்க்கட்டும். மில்காரரிடம் அவளே இரண்டு கேள்வி கேட்கட்டும். திரும்பி வந்ததும் மென்பொருள் போட்ட போன மாதக் கணக்கை அவள் முன்னால் வைத்து, இதில் எது சரியில்லை என்று கேளுங்கள். எத்தனை கண்டுபிடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.