தேர்தல் நடந்தால் அது ஜனநாயக நாடுதானே? அப்புறம் சர்வாதிகாரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

தேர்தல் மட்டும் போதாது. ஆள்பவரை 'நீ செய்தது தவறு' என்று சொல்லிவிட்டு, சொன்னவர் நிம்மதியாக வீட்டில் தூங்க முடிகிறதா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. பிரதமருக்கு எதிராக ஒரு நீதிபதி அப்படித் தீர்ப்பு எழுத முடிந்தது, அது ஜனநாயகம். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது, அதாவது குடிமக்களின் அடிப்படை உரிமைகளை அரசு முடக்கிவைக்கக்கூடிய நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது, 1976-ல் நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தல் தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் கருணாநிதி ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது.

என்னை இன்றும் உலுக்குவது, சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததுதான். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட நீதி கேட்க வழியில்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 5 நீதிபதிகளில் கன்னா மட்டுமே அரசின் வாதத்தை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதன் பிறகு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது, அவர் ராஜினாமா செய்தார்.

இத்தனைக்கும் அதே அரசியல் சட்டம், அதே பிரதமர். 1977 மார்ச்சில் மக்கள் அவரை அவருடைய சொந்தத் தொகுதியான ரேபரேலியிலேயே தோற்கடித்தார்கள். அவரும் பதவி விலகினார். 1978-ல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு, உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது.